கோட்டிக்காரன் வாங்கிய காடு

ஆடி மாதத்தில் எந்த ஊருக்கும் பெண் பார்க்க வர மாட்டார்கள். எங்கள் ஊருக்கு ஆனியிலும் வர மாட்டார்கள், ஆவணியிலும் வர மாட்டார்கள். சாத்திரம் காரணமல்ல, காற்றுதான். பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் கிழக்கே செம்மண்ணும் பனையுமாகக் கிடந்த பகுதி அது. வைகாசிக் கடைசியில் கிளம்புகிற மேகாத்து, அதாவது மேல்காற்று, புரட்டாசி வரை ஓயாது. வெள்ளை வேட்டியோடு பஸ்சிலிருந்து இறங்கும் மாப்பிள்ளை வீட்டார் காவி வேட்டியோடு திரும்ப வேண்டியிருக்கும். அங்கே பெண்ணைக் கொடுத்தால் அவள் சோறு தின்பதற்குள் பாதி மண் தின்பாள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேச்சு. அதில் பொய்யும் இல்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்ற ஊர்களில் பழமொழியாகச் சொல்வார்கள். நாங்கள் அதை வானிலை அறிக்கையாகக் கேட்டு வளர்ந்தோம். ஓலைக் கூரை பறக்காமல் இருக்க மேலே பனந்தடியைப் போட்டுக் கயிறு கட்டுவோம். சில வருடம் கூரை தங்கும், சில வருடம் தடியும் சேர்ந்து போகும். முருங்கை நன்றாகக் காய்க்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அந்த வாரமே கிளை முறியும். இத்தனை காற்றும் எப்போதாவது உதவியிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தை மாதம் காணத்தை அடித்துக் களத்தில் குவித்து, தூற்றுவதற்குச் சுளகோடு நின்றால், அன்றைக்குப் பார்த்து ஓலை அசையாது.

காற்றின் இந்தக் குணத்துக்கு நாங்கள் அப்போது இசக்கியம்மனைக் காரணம் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் வேறு காரணம் சொன்னார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியுமிடத்தில், ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து வேகம் எடுக்கிறது. மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் இறக்கி வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடு வருகிற பணக்கார மாமா அது. திருவிதாங்கூர்க்காரர்கள் அந்தக் கணவாயில் கோட்டைச் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் படையை முறியடித்துக் கும்பெனிப் படை உள்ளே போனதும் அந்த வழியாகத்தான். படையாவது ஒருமுறை வந்தது. காற்று வருஷா வருஷம் வந்தது.

ஆகவே எங்கள் காட்டுக்கு விலையே கிடையாது. மானாவாரி நிலம், மழை பெய்தால் காணமும் கம்பும் கடலையும், பெய்யாவிட்டால் ஆட்டுக்குக் காய்ந்த புல். சீதனமாக அந்தக் காட்டில் இரண்டு ஏக்கர் எழுதித் தருகிறோம் என்றால், எங்களை அவமானப்படுத்துகிறீர்களா என்று சம்பந்தி கேட்பார். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருந்தவன் மனுஷன், காட்டுக்காரன் பாவப்பட்டவன்.

இந்த லட்சணத்தில், நாங்கள் திட்டிக்கொண்டிருந்த காற்றை யாரோ மதித்து அளந்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அளந்தவர், மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி. இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-ல் ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரை மையமாக வைத்து நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பெரும் பணியை நடத்தினார். மூன்று கிண்ணம் சுற்றுகிற கருவியை உச்சியில் வைத்த கம்பங்கள் அப்படித்தான் தெற்கே வந்து நின்றன. எங்கள் பக்கத்தில் நின்ற அப்படியொரு கம்பத்தைப் பார்த்து ரேடியோவுக்கு என்றார்கள், மழைக்கு என்றார்கள், ஒருவர் ராக்கெட்டுக்கு என்று அடித்துச் சொன்னார். மகேந்திரகிரி ராக்கெட் சோதனை நிலையம் பக்கத்தில் இருந்ததால் அதை நம்பவும் செய்தோம். காற்றை அளக்க என்று உண்மையைச் சொன்ன ஆளை மட்டும் யாரும் நம்பவில்லை. காற்றை அளந்து என்ன செய்ய, படியில் அளந்து சந்தையில் விற்கவா?

விற்கத்தான் போகிறார்கள் என்று தெரியச் சில வருடம் ஆயிற்று. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாடிகள் நின்றன. குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி ஆகியவற்றோடு சேர்த்து நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அது ஒன்று. பிறகு டென்மார்க் அரசின் உதவியோடு 200 கிலோவாட் இயந்திரங்கள் கயத்தாற்றில் 30, முப்பந்தலில் 20 வந்தன. நாகர்கோவில் பஸ்சில் போகிறவர்கள் முப்பந்தல் இசக்கியம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு ஜன்னல் பக்கம் திரும்பி அந்தக் காற்றாடிகளையும் பார்த்துக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வெளியூர்ப் புரோக்கர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் காணக்காட்டைக் குடுக்கியளா?"

"அதை வச்சு என்னவே செய்யப் போறீரு?"

"ஒரு கம்பெனிக்காரங்க காத்தாடி வைக்கப் போறாங்க."

"வெளையாட்டுக்கா கேக்கீரு?"

புரோக்கர் ஒரு தொகையைச் சொன்னார். அப்பா சிரிப்பை நிறுத்தினார். அவர் மனதில் அந்த நிலத்துக்கு வைத்திருந்த விலையைப் போல மூன்று மடங்கு அது. இரவு சித்தப்பாவைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "காத்துக்கு ரூவா தாற கோட்டிக்காரன் ஒருத்தன் வந்திருக்கான்லே. அவன் தெளியறதுக்கு முன்ன பத்திரத்தை முடிச்சிரணும்."

முடித்தார்கள். அப்பா, சித்தப்பா, கீழத்தெருவில் பாதிப் பேர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் வழிநெடுகச் சிரித்தார்கள். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்தது. காற்றை விற்ற காசில் காற்றுக்கு அசையாத வீடு. மிச்சப் பணத்தில் நான் தாம்பரத்துக்குக் கல்லூரிப் படிப்புக்கு வந்தேன். இன்று வண்டலூரில் குடியிருக்கிறேன் என்றால் அந்தக் கோட்டிக்காரர் புண்ணியம்.

அவருக்குக் கோட்டி, அதாவது பைத்தியம், எதுவும் இல்லை என்பது கணக்குப் படித்த பிறகுதான் விளங்கியது. அன்றைய வருமான வரிச் சட்டப்படி காற்றாடியின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். நூறு சதவீதம். மில்லிலும் சிமெண்ட் ஆலையிலும் லாபம் பார்த்தவர், அந்த லாபத்துக்கு வரி கட்டுவதற்குப் பதிலாகக் காற்றாடி வாங்கினார். நிதியாண்டில் 180 நாளாவது ஓடியிருந்தால் முழுச் சலுகை, குறைந்தால் பாதி. அதனால் செப்டம்பர் முடிவதற்குள் நிறுத்த வேண்டும், தவறினால் மார்ச் முடிவதற்குள்ளாவது நிறுத்த வேண்டும். நாங்கள் விதைப்புக்குப் பஞ்சாங்கம் பார்த்தோம். அவர்கள் நடவுக்கு ஆடிட்டரைப் பார்த்தார்கள். 1996-ல் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச மாற்று வரி என்று ஒன்று வந்ததும் புதுக் காற்றாடிகளின் வரத்து சட்டென்று குறைந்தது. அந்த வருடம் மேகாத்து குறைந்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. டெல்லியில் வீசிய காற்றுதான் திசை மாறியிருந்தது.

காற்றாடிகள் நின்ற பிறகு ஊர் மாறியது. எங்கள் வண்டிப் பாதைக்குத் தார் போடச் சொல்லி வருடக்கணக்காக மனுக் கொடுத்தும் நடக்கவில்லை. இறக்கை ஏற்றிய லாரி திரும்ப வேண்டும் என்றதும் சில வாரங்களில் பாதை அகலமாகி விட்டது. சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. அவர் விற்ற காட்டிலேயே செக்யூரிட்டி. காக்கிச் சட்டை, விசில், டார்ச் லைட். அவருடைய முக்கியமான பொறுப்பு, அந்தப் பக்கம் ஆடு மேயாமல் பார்த்துக்கொள்வது. அங்கே மேய வந்ததில் பெரும்பாலானவை அவருடைய ஆடுகள்தான். சொந்த ஆட்டைச் சொந்தக் காட்டிலிருந்து விரட்டுவதற்கு மாதச் சம்பளம் வாங்கிய விவசாயி எங்கள் சித்தப்பா.

பிறகு மழை பொய்த்தது. எங்கள் பகுதியில் மழை பொய்ப்பது புதிதல்ல, ஆனால் பழி போட இப்போது ஆள் நின்றது. இறக்கை சுற்றி மேகத்தை விரட்டுகிறது என்று ஒரு கட்சி, மேகத்தை வெட்டுகிறது என்று இன்னொரு கட்சி. அந்தக் காலத்துக் காற்றாடியின் கோபுரம் 30 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேகம் அதற்கு எவ்வளவோ மேலே போகிறது. நாங்கள் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம், காற்றாடி வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பும் அப்படித்தான் இருந்தோம் என்று விடுமுறைக்குப் போன நான் விளக்கினேன். "மெட்ராஸ்ல படிச்சவன் கம்பெனிக்காரனுக்குத்தான் பேசுவான்" என்றார் ஒரு மாமா. மழைக் கணக்கில் அவர் சொன்னது தப்பு. ஆனால் தன் தலைக்கு மேலே ஏதோ ஒன்று சம்பாதிக்கிறது, அதில் தனக்கு ஒன்றும் வரவில்லை என்று அவருக்குப் பட்டதே, அந்தக் கணக்கு சரி.

மின்சாரக் கணக்கு இதைவிட வேடிக்கை. காற்றாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் ஊருக்குள் வராது. நேரே துணைமின் நிலையத்துக்குப் போய் மாநிலக் கட்டமைப்பில் கலந்துவிடும். உரிமையாளர் மின்வாரியத்தின் கம்பிக்குக் கட்டணம் கட்டி, எங்கோ கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கிற தன் மில்லில் அதே அளவு யூனிட்டைக் கழித்துக்கொள்வார். ஆடியில் மிஞ்சியதை வாரியத்திடம் சேமித்து வைத்துக் காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்ளவும் அப்போது வசதி இருந்தது. அதற்கு பேங்கிங் என்றே பெயர். எங்கள் ஊரில் பலருக்கு அப்போது வங்கிக் கணக்கு கிடையாது. எங்கள் ஊர்க் காற்றுக்கு இருந்தது.

2012-ல் தமிழ்நாடே இருட்டில் கிடந்தபோது சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான காற்றாடி, இன்னொரு பக்கம் கட்டி முடித்தும் இயங்கத் தொடங்காத கூடங்குளம் அணு உலை, நடுவில் அம்மா ஏற்றி வைத்த சிம்னி விளக்கு. ஆடி மாதத்தில் ஒரு நாள் போனில் கேட்டேன்.

"காத்தாடி சுத்துதாம்மா?"

"அது ஜம்முன்னு சுத்துது."

"அப்ப கரண்டு இருக்குமே?"

"அந்தக் காத்துலதானப்பா நம்ம தெருக் கம்பி அறுந்து கெடக்கு."

அதே காலத்தில் காற்று அதிகமாக அடித்த நாட்களில், மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதாமல் காற்றாடிகளை நிறுத்தி வைத்ததும் நடந்தது. மின்சாரம் இருந்தது, வழி இல்லை. எங்கள் ஊரில் எல்லாப் பொருளுக்கும் அதுதான் விதி.

இனி வண்டலூர் நிலவரம். எங்கள் ஊரை விட்டு ஓடி வந்த இடத்தில் காற்றுக்குத் தனி விலை இருக்கிறது. ஒரே மாடி, ஒரே சதுர அடி. ஆனால் எதிரே கட்டடம் மறைக்காத, உயிரியல் பூங்கா மரக்காற்று வரும் வீடு என்றால் கூடுதல் தொகை. வீடு காட்ட வருகிற பையன்கள் முதலில் ஜன்னலைத்தான் திறந்து காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலில் மூடி மறைத்தது அந்த ஜன்னலைத்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து தெற்கத்தி பஸ் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கின்றன. ஊர்க்காரர்கள் விடிகாலையில் இறங்கி வீட்டுக்கு வந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "என்னப்பா, இப்படிப் புழுங்குது" என்கிறார்கள்.

அந்த ஃபேனைச் சுற்ற வைக்கிற மின்சாரத்தில் கொஞ்சம் அவர்களோடு கூடவே வந்ததாக இருக்கலாம். தென்மாவட்டக் காற்றாலை மின்சாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவரக் கயத்தாறு, காரைக்குடி, புகளூர் வழியாக ஒட்டியம்பாக்கத்துக்கு 400 கிலோவோல்ட் பாதை திட்டமிட்டு அமைத்தார்கள். ஒட்டியம்பாக்கம் எங்களுக்கு எட்டிய தூரம். காற்றை அளக்கிற தேசிய காற்றாற்றல் நிறுவனமும் இந்தப் பக்கம்தான், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில். கயத்தாற்றில் அதன் சோதனைக் களம் இருக்கிறது. காற்று அங்கே, அதன் கணக்கு இங்கே. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பல வருடம் நாட்டில் முதலிடத்தில் இருந்த நம்மைக் குஜராத் முந்திவிட்டது என்று நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். முதலிடத்தில் இருந்தபோது எங்கள் சித்தப்பாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒரு விசில் கிடைத்தது.

இதில் எனக்குத் தீராத வியப்பு டென்மார்க்தான். எங்கள் பக்கத்து முதல் காற்றாடிகளில் ஐம்பது அந்த நாட்டின் உதவியில் வந்தவை. அங்கே காற்றாடியை முதலில் வாங்கியவர்கள் விவசாயிகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்த கூட்டுறவுக் குழுக்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரு காலத்தில் அப்படிப் பங்கு வைத்திருந்தன. தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2001-ல் ஓடத் தொடங்கிய மிடில்குருண்டன் காற்றாலையின் 20 இயந்திரங்களில் பாதி, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். புதுக் காற்றாடி வைப்பவர் அதிலிருந்து 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு 20 சதவீதப் பங்கையாவது வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 2009 முதல் பத்தாண்டுக்கு மேல் அங்கே சட்டமே இருந்தது. டென்மார்க்கிலிருந்து கோபுரம் வந்தது, இறக்கை வந்தது, பற்சக்கரம் வந்தது, மசகெண்ணெய் கூட வந்திருக்கும். இந்தப் பங்கு மட்டும் கப்பலில் ஏறவில்லை.

அது நம்மவர்களுக்கு ஒத்துவராது என்று சொல்லவும் முடியாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாக ஒரு காற்றாடி வாங்கியது. 350 கிலோவாட், விலை ஒரு கோடியே 55 லட்சம். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஆர்.சண்முகம் அப்போது அங்கே முக்கியப் பொறுப்பில் இருந்து இதை நடத்திக் காட்டினார். உடுமலை பக்கம் மைவாடியில் காற்றாடியை நிறுத்தி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, கடனைக் கட்டினார்கள். ஓடந்துறையில் அந்த அளவு காற்றுக்கூட இல்லை. காற்று இருக்கும் இடத்தைத் தேடிப் போய் நட்டார்கள். காற்றுக்கு நடுவில் குடியிருந்த நாங்கள் எட்டணா முதலில்லாமல் இதைச் செய்திருக்க முடியாது என்பார்கள். நிலம் முதலில்லையா? அதை ஒரே கையெழுத்தில் கொடுத்து முடித்தோம்.

இப்போது எங்கள் ஊரில் இரண்டாவது கோட்டிக்காரர்களின் நடமாட்டம் தொடங்கியிருக்கிறது. தொண்ணூறுகளின் 200, 250 கிலோவாட் காற்றாடிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டு, நூறு மீட்டருக்கும் மேலே உயரும் மெகாவாட் இயந்திரங்களை வைப்பதற்குத் தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பழைய காற்றாடி பல செய்ததைப் புதியது ஒன்றே செய்யும். ஆனால் அதன் இறக்கை நீளம். பழையது நின்ற இடத்துக்குள் சுற்றி முடிக்காது, அக்கம்பக்கத்துக் காடும் பாதையும் வேண்டும். ஆகவே திண்ணைக்கு மறுபடியும் ஆள் வருவார், அண்ணாச்சி என்பார், நாம் மனதில் வைத்திருக்கும் விலையைப் போல மூன்று மடங்கு சொல்வார்.

காடு இன்னும் கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிரிக்காதீர்கள், அவசரப்படவும் வேண்டாம். விற்காதீர்கள்; குத்தகைக்கு விடுங்கள். குத்தகையை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசாமல், விற்கிற யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள், வருஷா வருஷம் உயரும்படி எழுதி வாங்குங்கள். ஊராட்சிக்காரர்கள் ஓடந்துறைக்கு ஒருமுறை போய்க் கணக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: இயந்திரத்தின் ஆயுளை நீட்டிக்கக் கொள்கை எழுதியவர்கள், ஊர்க்காரனின் பங்குக்கும் அதில் ஒரு பத்தி எழுதலாம். மேகாத்தின் மண்ணைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றவர்களுக்கு அதன் வருமானத்தில் ஒரு பங்கு சலுகை அல்ல, பாக்கி.